பல பாதை மாடல் ரயில் லேஅவுட்டுக்கு டிசிசி ரிமோட் கட்டுப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசிசி என்பது டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல்: பாதையின் மின்சாரத்திலேயே கட்டளை அனுப்பி ஒவ்வொரு இன்ஜினையும் தனித்தனியாக ஓட்டும் முறை. கீழே உள்ள பதில்கள் எல்லாம் ஒரே ஒரு லேஅவுட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை. எச்ஓ அளவு (நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு), 16.5 மி.மீ. பாதை, 3.6 மீட்டருக்கு 1.5 மீட்டர் பலகை. வெளிவட்டம் ஒன்று, உள்வட்டம் ஒன்று, இரண்டையும் இணைக்க இரண்டு கிராஸ்ஓவர். உள்ளே, ரயிலைத் திருப்பிவிடும் ரிவர்ஸ் லூப்பில் போய் முடியும் கிளைப்பாதை, ரயில்களை நிறுத்திவைக்க நான்கு சைடிங் (ஒதுக்குப் பாதை) கொண்ட யார்டு. மொத்தம் சுமார் 26 மீட்டர் பாதை. உங்கள் லேஅவுட் இதைவிடச் சிறியதோ பெரியதோ, அளவுகளை அதற்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்போது பாதைக்கு ஒரு கன்ட்ரோலர் இருக்கிறது. டிசிசி வந்தால் என்ன மாறும்?

பழைய டிசி (நேர்மின்னோட்ட) முறையில் நீங்கள் ஓட்டுவது பாதையை. பாதையில் வோல்ட்டை ஏற்றினால் அதன் மேல் நிற்கும் எல்லா இன்ஜினும் கிளம்பும். டிசிசியில் எல்லாப் பாதைகளிலும் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும்; எச்ஓ-வுக்குச் சுமார் 14, 15 வோல்ட். கட்டளையும் அதே மின்சாரத்தில்தான் ஏறி வருகிறது. துருவம் நொடிக்குப் பல ஆயிரம் முறை மாறுகிறது: ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ விநாடி நீடித்தால் அது 1, சுமார் 100 மைக்ரோ விநாடி நீடித்தால் அது 0. இன்ஜினுக்குள் இருக்கும் டீகோடர் இதைப் படித்து, தன் முகவரிக்கு வந்த கட்டளையை மட்டும் நிறைவேற்றும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறை இது. 1990-களில் அமெரிக்காவின் என்எம்ஆர்ஏ என்ற மாடல் ரயில் சங்கம் இதைப் பொதுத் தரமாக ஏற்றது. அதனால்தான் ஒரு நிறுவனத்தின் டீகோடர் இன்னொரு நிறுவனத்தின் ஸ்டேஷனோடு பேசுகிறது.

ஆகவே "வெளிவட்டத்துக்கு ஒரு டிசிசி, உள்வட்டத்துக்கு ஒரு டிசிசி" என்று இரண்டு பெட்டி வாங்க வேண்டாம். கமாண்ட் ஸ்டேஷன், அதாவது கட்டளையை மின்சாரத்தோடு பாதைக்கு அனுப்பும் பெட்டி, ஒன்றே போதும். இரண்டு தனி ஸ்டேஷன்களின் சிக்னல் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. கிராஸ்ஓவரில் இன்ஜின் இரண்டையும் தொட்டதும் ஷார்ட் ஆகும், சில நேரம் பெட்டியே போய்விடும்.

என்னென்ன பொருள் வேண்டும்?

கையில் பிடித்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் திராட்டிலோடு பெட்டியாகவே வாங்கலாம்: டிஜிட்ராக்ஸ், என்சிஇ, ரோகோவின் ஸீ21, ஈஎஸ்யு போன்றவை. சால்டரிங் இரும்பும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் டிசிசி-ஈஎக்ஸ் என்ற திறந்த மென்பொருள் வழி மலிவு. அதற்கு வேண்டியவை: ஓர் ஆர்டுயினோ மெகா 2560, ஒரு மோட்டார் ஷீல்டு, ஒரு வைஃபை பலகை, 15 வோல்ட் 5 ஆம்பியர் டிசி அடாப்டர். மென்பொருளை ஏற்ற ஈஎக்ஸ்-இன்ஸ்டாலர் என்ற நிரல் இருக்கிறது. கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனால் போதும்.

ஒயர் பகுதியில்: 2.5 சதுர மி.மீ. வீட்டு ஒயர், சிவப்பு 15 மீட்டர், கறுப்பு 15 மீட்டர். 0.5 சதுர மி.மீ. ஒயர் ஒவ்வொரு நிறத்திலும் 10 மீட்டர். பிளாஸ்டிக் ஃபிஷ்பிளேட் (தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் பட்டை; பிளாஸ்டிக் என்றால் மின்சாரத்தைக் கடத்தாது) இரண்டு டஜன். மூன்று சர்க்யூட் பிரேக்கர், ரிவர்ஸ் லூப்புக்கு ஓர் ஆட்டோ ரிவர்சர். ஓடும் இன்ஜின் ஒவ்வொன்றுக்கும் ஒரு டீகோடர். பட்ஜெட் போடும்போது பலர் மறப்பது கடைசிப் பொருளைத்தான். பத்து இன்ஜின் இருந்தால் டீகோடர் செலவு ஸ்டேஷன் செலவைத் தாண்டிவிடும்.

எத்தனை ஆம்பியர் போதும்?

இக்காலத்து எச்ஓ இன்ஜின் ஓடும்போது கால் ஆம்பியரிலிருந்து அரை ஆம்பியர் வரை எடுக்கும். ஒரே சமயத்தில் நான்கு ரயில் என்றால் 2 ஆம்பியர். நின்றபடி சத்தம் போடும் மூன்று இன்ஜினுக்கு 0.3, எல்இடி விளக்குள்ள ஒரு டஜன் பெட்டிக்கு இன்னொரு கால் ஆம்பியர் சேருங்கள். 2.5 ஆம்பியர் ஆயிற்று. 5 ஆம்பியர் ஸ்டேஷன் தாராளம்.

ஆர்டுயினோவின் சாதாரண ஆர்3 மோட்டார் ஷீல்டு ஒரு சேனலுக்கு 1.5 ஆம்பியர் வரைதான் நிம்மதியாகக் கொடுக்கும். ஒரு வட்டத்துக்குச் சரி, இந்த லேஅவுட்டுக்குப் போதாது. டிசிசி-ஈஎக்ஸ் குழுவின் 8874 ஷீல்டு சேனலுக்கு 5 ஆம்பியர் தாங்கும். ஆர்3 ஷீல்டையே பயன்படுத்துவதாக இருந்தால் அதன் அடிப்பக்கம் "வின் கனெக்ட்" என்று குறித்த மெல்லிய செப்புக் கோட்டைக் கத்தியால் வெட்டிவிட்டு, மெகாவுக்குத் தனியாக 7 முதல் 9 வோல்ட் கொடுங்கள். வெட்டாமல் 15 வோல்ட் கொடுத்தால் அது நேராக மெகாவின் ரெகுலேட்டருக்குப் போய் அதைச் சுட்டுவிடும்.

"எதற்கும் இருக்கட்டும்" என்று 10 ஆம்பியர் வாங்குவதும் தப்பு. 15 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஷார்ட் ஆனாலே 75 வாட். தடம் புரண்ட பெட்டியின் சக்கரம் வழியாக அது சில விநாடி ஓடினால் பிளாஸ்டிக் போகி (சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டம்) உருகி ஸ்லீப்பரோடு ஒட்டிக்கொள்ளும்.

தண்டவாளமே மின்சாரத்தைக் கடத்துமே, பஸ் ஒயர் எதற்கு?

தண்டவாளம் நிக்கல் சில்வர். செம்பைவிடப் பல மடங்கு மோசமான கடத்தி. அதைவிட மோசம் ஃபிஷ்பிளேட். புதிதாக இருக்கும்போது நன்றாகக் கடத்தும், ஓராண்டு தூசியும் ஈரமும் பட்டதும் தளரும். டிசியில் அதன் விளைவு ரயில் கொஞ்சம் மெதுவாவது. டிசிசியில் கட்டளையே போய்ச் சேராது, ஷார்ட் ஆனால் பிரேக்கரும் விழாது.

கணக்கைப் பாருங்கள். 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் மீட்டருக்கு சுமார் 7 மில்லி ஓம். 10 மீட்டர் தூரம் போய்த் திரும்ப 20 மீட்டர்: 0.14 ஓம். 3 ஆம்பியர் ஓடினால் இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு. அதே தூரத்துக்கு 0.5 சதுர மி.மீ. ஒயர் போட்டால் இழப்பு இரண்டு வோல்ட்டைத் தாண்டும்.

பலகையின் அடியில் சிவப்பும் கறுப்புமாகத் தடித்த பஸ் ஒயரை இழுங்கள். அதிலிருந்து பாதையின் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு ஜோடி ஃபீடர் மேலே ஏற வேண்டும், 30 செ.மீ.க்கு மேல் நீளாமல். இந்த லேஅவுட்டுக்குச் சுமார் 30 ஜோடி வரும். ஃபீடரைத் தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் சால்டர் செய்யுங்கள். உட்பக்கம் சால்டர் மேடு நின்றால் சக்கரத்தின் விளிம்பு அதில் ஏறும். ஒயரைத் தொடுவதற்கு முன்பே தண்டவாளத்துக்கு ஃப்ளக்ஸ் தடவி, இருபுறமும் ஈரப் பஞ்சு வைத்தால் ஸ்லீப்பர் உருகாது. பஸ் ஒயரை வட்டமாகச் சுற்றி அதன் தொடக்கத்திலேயே கொண்டுபோய் இணைக்காதீர்கள். முனை திறந்தே இருக்கட்டும்.

வெளிவட்டம் தனியாக ஓடுகிறது, உள்வட்டமும் ஓடுகிறது. கிராஸ்ஓவரில் ரயில் போனதும் எல்லாம் நிற்கிறது. ஏன்?

இரண்டு வட்டங்களுக்கும் ஒயர் துருவம் எதிரெதிராக இருக்கிறது. பல பாதை லேஅவுட்டில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். "வெளிப்பக்கத் தண்டவாளம் சிவப்பு" என்று ஒரு விதி வைத்துக்கொண்டு, உள்வட்டத்துக்கு எதிர்த்திசையில் ரயில் ஓடுகிறதே என்று அங்கே மாற்றிவிடுவார்கள். டிசிசிக்கு ஓட்டும் திசையைப் பற்றிக் கவலையே இல்லை. விதி இப்படி இருக்கட்டும்: பலகையின் முன்பக்கம் நின்று பார்க்கும்போது, முன்னால் தெரியும் எல்லா நேர்ப்பாதைகளிலும் நமக்கு அருகில் உள்ள தண்டவாளம் சிவப்பு, தள்ளியிருப்பது கறுப்பு. வட்டத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனால் அதே சிவப்புத் தண்டவாளம் தள்ளியிருக்கும், அது சரியே.

சோதிக்க ஒரு வழி: ஸ்டேஷனை இயக்கி, 12 வோல்ட் கார் பல்பு ஒன்றின் ஒரு முனையை வெளிவட்டத்தின் சிவப்பிலும் மறுமுனையை உள்வட்டத்தின் சிவப்பிலும் வையுங்கள். எரியக்கூடாது. எரிந்தால் உள்வட்டத்தின் ஃபீடர்கள் எல்லாவற்றையும் மாற்றவேண்டியதில்லை. அந்த வட்டத்தின் பஸ் தொடங்கும் இடத்தில் இரண்டு ஒயரை மாற்றினால் போதும்.

பாதைகளை மின் பகுதிகளாகப் பிரிக்க வேண்டுமா? எப்படி?

கட்டாயம் இல்லை, ஆனால் பிரிக்காத லேஅவுட்டில் யார்டில் ஒரு பெட்டி தடம் புரண்டால் வெளிவட்டத்து எக்ஸ்பிரசும் நிற்கும். இரண்டு பேர் சேர்ந்து ஓட்டும்போது இது சலிப்பாகிவிடும்.

ஸ்டேஷனிலிருந்து வரும் மின்சாரத்தை மூன்று எலக்ட்ரானிக் சர்க்யூட் பிரேக்கர் வழியாகப் பிரியுங்கள்: வெளிவட்டம், உள்வட்டம், கிளைப்பாதையும் யார்டும். "வலது பாதி, இடது பாதி" என்று பலகையைப் பிரிப்பவர்களும் உண்டு. ஒயர் குறையும் என்பது உண்மைதான், ஆனால் அப்படிப் பிரித்தால் எந்த ஷார்ட்டும் இரண்டு வட்டங்களையும் நிறுத்தும், பிரித்ததன் பயனே போய்விடும். பாதை வாரியாகப் பிரிப்பதே மேல். கிராஸ்ஓவரின் நடுவில், இரண்டு பாயின்ட்டுகளும் (ரயிலை ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் பகுதிகள்) சந்திக்கும் இடத்தில், இரண்டு தண்டவாளத்திலும் பிளாஸ்டிக் ஃபிஷ்பிளேட் வையுங்கள்.

பிரேக்கர் விழும் அளவு ஸ்டேஷனின் அளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஸ்டேஷன் 5 ஆம்பியர் என்றால் பிரேக்கர் 3 ஆம்பியர். இரண்டும் ஒரே அளவில் இருந்தால் முந்துவது யார் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் ஸ்டேஷன்தான் முதலில் விழும்.

சத்தம் போடும் இன்ஜின்கள் நிறைய இருந்தால் இன்னொரு சிக்கல் வரும். ஷார்ட் விலகி மின்சாரம் திரும்பும்போது அவற்றின் கெபாசிட்டர்கள் எல்லாம் ஒன்றாகச் சார்ஜ் ஆகி, பிரேக்கர் அதையும் ஷார்ட் என்று எடுத்துக்கொண்டு மறுபடி விழும். பிரேக்கரில் தாமத அமைப்பு இருந்தால் கொஞ்சம் கூட்டுங்கள். இல்லையென்றால் யார்டில் சும்மா நிற்கும் இன்ஜின்களுக்கு சைடிங்கில் ஒரு சுவிட்ச் போட்டு அணைத்து வையுங்கள்.

நாணயச் சோதனை என்றால் என்ன?

ஒயர் வேலை முடிந்ததும், இன்ஜின் எதையும் வைக்காமல், மின்சாரத்தை இயக்கி, ஒரு நாணயத்தை இரண்டு தண்டவாளத்தின் மேலும் குறுக்கே வைத்து ஷார்ட் செய்யுங்கள். பிரேக்கர் உடனே விழ வேண்டும். நாணயத்தை எடுத்ததும் மின்சாரம் திரும்ப வேண்டும். ஒவ்வொரு மீட்டருக்கும், ஒவ்வொரு பாயின்ட்டுக்கு அப்பாலும், ஒவ்வொரு சைடிங்கின் கடைசியிலும் செய்யுங்கள். நாணயம் பாதையின் அகலத்துக்கு எட்டவில்லை என்றால் ஸ்குரூடிரைவரின் தண்டு போதும்.

எங்காவது பிரேக்கர் விழாமல் நாணயம் சுடத் தொடங்கினால் அங்கே மின்தடை அதிகம். மின்னோட்டம் பிரேக்கரின் அளவை எட்டாமல், ஆனால் சூடாக்கப் போதுமான அளவு ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டு விநாடிக்கு மேல் வைத்திருக்காமல் எடுத்துவிட்டு, அந்த இடத்துக்கு இன்னொரு ஜோடி ஃபீடர் கொடுங்கள். இந்தச் சோதனையில் தேறாத லேஅவுட்டில் இன்ஜினை ஏற்ற வேண்டாம்.

பாயின்ட்டின் மேல் இன்ஜின் போனாலே ஒரு சிமிட்டல், சில நேரம் ஷார்ட். என்ன செய்வது?

ஃபிராக், அதாவது பாயின்ட்டில் இரண்டு உட்புறத் தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் இடம், எந்த வகை என்று முதலில் பாருங்கள். பிளாஸ்டிக் ஃபிராக் என்றால், அதன் முனையில் எதிரெதிர்த் துருவமுள்ள இரண்டு தண்டவாளங்கள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் வந்து நிற்கும். அகலமான சக்கரம் ஒரு கணம் இரண்டையும் தொடும். டிசி கன்ட்ரோலர் இதைப் பொருட்படுத்தாது, டிசிசி பிரேக்கர் சில மில்லி விநாடிக்குள் பிடித்துவிடும். அந்த முனையில் தண்டவாளத்தின் மேல்பரப்பில் ஒரு செ.மீ. அளவுக்கு நகப்பூச்சு தடவினால் தற்காலிகமாகச் சரியாகும். தேய்ந்ததும் மறுபடி தடவ வேண்டும்.

உலோக ஃபிராக் என்றால் அதற்குத் துருவம் மாற்றிக் கொடுக்கும் சுவிட்ச் வேண்டும். பாயின்ட் மோட்டாரோடு வரும் சுவிட்ச் போதும். டார்ட்டாய்ஸ் போன்ற மெதுவான மோட்டார்களில் உள்ளேயே இரண்டு சுவிட்ச் உண்டு. ஃபிராக்குக்கு அப்பால் உள்ள இரண்டு உட்புறத் தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் ஃபிஷ்பிளேட் போட மறக்காதீர்கள். மறந்தால் அப்பாலிருந்து வரும் ஃபீடரும் ஃபிராக்கும் மோதும்.

சின்ன ஷன்டிங் இன்ஜின் வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் உலோக ஃபிராக்கையே வாங்கலாம். பிளாஸ்டிக் ஃபிராக்கின் நீளத்தில் அவற்றின் பாதிச் சக்கரங்கள் மின்சாரம் இல்லாமல் நிற்கும்.

ரிவர்ஸ் லூப்பை எப்படி இணைப்பது?

லூப்பில் நுழைந்த ரயில் சுற்றி வந்து அதே பாதையைச் சந்திக்கும்போது இடது தண்டவாளம் வலதோடு சேர்கிறது. அதுவே ஷார்ட். லூப்பின் இரு முனையிலும், இரண்டு தண்டவாளத்திலும், ஆக நான்கு இடைவெளி வெட்டுங்கள். அதற்குள் இருக்கும் பாதைக்கு ஆட்டோ ரிவர்சர் வழியாக மட்டுமே மின்சாரம். இன்ஜின் சக்கரம் இடைவெளியைத் தாண்டும் கணத்தில் ரிவர்சர் ஷார்ட்டை உணர்ந்து லூப்பின் துருவத்தை மாற்றிவிடும். டீகோடருக்குத் துருவம் பற்றி அக்கறை இல்லாததால் ரயில் நிற்காமலே போகும்.

மூன்று நிபந்தனை உண்டு. இடைவெளிக்கு உட்பட்ட நீளம் உங்கள் மிக நீளமான ரயிலைவிட அதிகமாக இருக்க வேண்டும். இந்த லேஅவுட்டில் 45 செ.மீ. ஆரமுள்ள லூப்பின் நீளம் 2.8 மீட்டர், இன்ஜினும் ஆறு பெட்டியும் 2 மீட்டருக்குள் அடங்கும். இரு முனையையும் ஒரே நேரத்தில் இரண்டு ரயில் தாண்டக்கூடாது. ரிவர்சர் பிரேக்கரைவிட வேகமாக, அல்லது குறைந்த ஆம்பியரில், செயல்பட வேண்டும். பிரேக்கர் முந்திக்கொண்டால் லூப்பின் வாயிலில் ரயில் ஒவ்வொரு முறையும் நிற்கும்.

இன்ஜினுக்கு முகவரி கொடுப்பது எப்படி? ஒன்றுக்குக் கொடுத்தால் எல்லா இன்ஜினும் மாறிவிடுகிறதே?

புது டீகோடரின் முகவரி 3. மாற்றுவதற்கு ஸ்டேஷனில் புரோகிராமிங் டிராக் என்று தனி இணைப்பு இருக்கும். அந்த இணைப்பில் அனுப்பும் கட்டளைக்கு முகவரி கிடையாது. பாதையில் இருக்கும் எல்லா டீகோடரும் கீழ்ப்படியும். ஆகவே அந்த டிராக் லேஅவுட்டோடு எந்த விதத்திலும் தொடாமல், அரை மீட்டர் நீளத்தில் தனியாக இருக்க வேண்டும். யார்டின் ஒரு சைடிங்கை அதற்கு ஒதுக்கினால் இரண்டு தண்டவாளத்திலும் பிளாஸ்டிக் ஃபிஷ்பிளேட், நடுவில் நிற்கும் இன்ஜினின் சக்கரமோ பெட்டியோ அந்த இடைவெளியைத் தாண்டாமல் இருக்க வேண்டும்.

127 வரை சிறிய முகவரி, அதற்கு மேல் 10239 வரை நீண்ட முகவரி. ஒரு எச்சரிக்கை: லென்ஸ் வழி வந்த ஸ்டேஷன்கள் சில 99 வரையே சிறியது என்று எடுத்துக்கொள்ளும். 100 முதல் 127 வரையான எண்களைத் தவிர்த்தால், இன்ஜினை வேறொருவர் லேஅவுட்டுக்கு எடுத்துப் போகும்போது குழப்பம் இல்லை.

நீண்ட முகவரியை ஸ்டேஷனே கணக்கிட்டுக்கொள்ளும். கையால் செய்ய வேண்டி வந்தால், 4567-ஐ எடுத்துக்கொள்வோம். 256-ஆல் வகுத்தால் ஈவு 17, மீதி 215. டீகோடரின் அமைப்புகளைச் சேமிக்கும் எண்ணிட்ட இடங்களுக்குச் சிவி என்று பெயர். சிவி 17-இல் 192-ஐயும் 17-ஐயும் கூட்டி 209, சிவி 18-இல் 215, சிவி 29-இல் 34. சிவி 29 பல சுவிட்சுகளின் கூட்டுத்தொகை: திசை மாற்ற 1, 28 மற்றும் 128 வேகப் படிக்கு 2, டிசியிலும் ஓட 4, நீண்ட முகவரிக்கு 32.

"சிவி படிக்க முடியவில்லை" என்று வருகிறது.

டீகோடர் பதில் சொல்லும் விதம் வேடிக்கையானது: மோட்டாரை ஒரு நொடிப்பொழுது இயக்கி, 6 மில்லி விநாடிக்குக் குறைந்தது 60 மில்லி ஆம்பியர் கூடுதலாக இழுக்கும். அந்தத் துடிப்பை ஸ்டேஷன் எண்ணுகிறது. மோட்டார் இணைக்காத டீகோடர், அழுக்குச் சக்கரம், கெபாசிட்டர் வைத்த சவுண்ட் டீகோடர், இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். படிக்க முடியாவிட்டாலும் எழுதுவது பெரும்பாலும் நடந்திருக்கும். பிரதான பாதையில் வைத்து ஓட்டிப் பாருங்கள். என்ன முகவரி என்றே தெரியாத பழைய இன்ஜினுக்கு, பல நிறுவன டீகோடர்களில் சிவி 8-இல் 8 என்று எழுதினால் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும்.

பழைய இன்ஜினில் டீகோடர் பொருத்தலாமா?

சாக்கெட் இருந்தால் ஐந்து நிமிட வேலை. எச்ஓ-வில் 8 பின், 21 பின், புளக்ஸ்22 மூன்றும் பரவலாகக் கிடைக்கும். சாக்கெட் இல்லாவிட்டால் ஒயர் நிறங்களைப் பாருங்கள்: சிவப்பு வலது தண்டவாளம், கறுப்பு இடது, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் விளக்குகளுக்குப் பொதுவான நேர்முனை. எல்இடி என்றால் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று தொடரில் வேண்டும்.

மோட்டாரின் இரண்டு முனையும் சக்கரத்திலிருந்தும் உலோகச் சட்டத்திலிருந்தும் முழுக்கத் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். பழைய இன்ஜின்களில் மோட்டாரின் ஒரு பிரஷ் சட்டத்தைத் தொட்டே மின்சாரம் பெறும். அதைக் கவனிக்காமல் இணைத்தால் முதல் விநாடியிலேயே டீகோடர் எரியும். மல்டிமீட்டரில் மோட்டார் முனைக்கும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இடையே ஓம் பாருங்கள். எங்கும் தொடர்பு காட்டக்கூடாது. அடுத்து, இன்ஜினை 12 வோல்ட் டிசியில் வைத்து சக்கரத்தை ஓரிரு விநாடி விரலால் பிடித்து நிறுத்தி எத்தனை ஆம்பியர் என்று குறியுங்கள். டீகோடரின் உச்ச அளவு அதைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

டீகோடர் இல்லாத இன்ஜினை டிசிசி பாதையில் வைத்தால்?

வைக்காதீர்கள். நின்றபடியே ரீங்காரமிடும், மோட்டார் சூடாகும்; கோர்லெஸ் (இரும்பு உள்ளகம் இல்லாத) மோட்டார் என்றால் சில நிமிடத்தில் போய்விடும். பழைய இன்ஜின்களுக்கென்று வெளிவட்டத்தை டிசியிலேயே விட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் கிராஸ்ஓவர் பாதையையே கழற்றித் துண்டிக்க வேண்டும். டிசியும் டிசிசியும் ஒரு இன்ஜினின் சக்கரம் வழியாகச் சந்தித்தால் ஸ்டேஷனும் கன்ட்ரோலரும் இரண்டுமே சேதமாகலாம்.

போனை ரிமோட்டாகப் பயன்படுத்துவது எப்படி?

ஆண்ட்ராய்டில் இன்ஜின் டிரைவர், ஐபோனில் வைத்ராட்டில் ஆகிய செயலிகள் போதும். டிசிசி-ஈஎக்ஸ் தானே ஒரு வைஃபையைத் தொடங்கும். போனை அதில் இணைத்து, செயலியில் முகவரி 192.168.4.1, போர்ட் 2560 என்று கொடுங்கள். வீட்டு ரவுட்டரோடும் இணைக்கலாம், அப்போது ரவுட்டர் கொடுக்கும் முகவரியைப் போட வேண்டும். வைஃபை பலகை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பிடிக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் பெயரைக் கொடுத்துவிட்டு மணிக்கணக்காகத் தேடாதீர்கள்.

இணைந்த சில நொடியில் துண்டித்துப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் போன்தான். ஸ்டேஷனின் வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டதும் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். டேட்டாவை அணையுங்கள், அல்லது "இணையம் இல்லாவிட்டாலும் தொடரவும்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். மூன்று நான்கு பேருக்கு மேல் ஓட்டினால் ரவுட்டர் வழியே போவது நிதானம்.

திரை அணைந்தாலோ பேட்டரி தீர்ந்தாலோ ரயில் கடைசிக் கட்டளையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். செயலியில் ஹார்ட்பீட் வசதியை இயக்கி வைத்தால், தொடர்பு அறுந்ததும் ஸ்டேஷன் அந்த இன்ஜினை நிறுத்தும். எதற்கும் பலகையின் ஓரத்தில், பாதை மின்சாரத்தையே வெட்டும் ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கட்டும். கண்ணாடித் திரையில் நிறுத்தும் பொத்தானைத் தேடும் நேரத்தில் இன்ஜின் தரையில் கிடக்கும்.

பாயின்ட்டுகளையும் ரிமோட்டிலேயே மாற்றலாமா?

மாற்றலாம். அதற்குத் தனி வகை டீகோடர் உண்டு. அவற்றின் முகவரிகள் இன்ஜின் முகவரிகளோடு மோதாது. இரட்டைச் சுருள் மோட்டார் என்றால் கெபாசிட்டர் வைத்து ஒரே உதறலில் தள்ளும் வகை டீகோடரை வாங்குங்கள். டார்ட்டாய்ஸ் 12 வோல்ட்டில் முட்டி நிற்கும்போதும் 16 மில்லி ஆம்பியர்தான் எடுக்கும். இருபது இருந்தாலும் சுமை இல்லை. டிசிசி-ஈஎக்ஸில் பிசிஏ9685 பலகை ஒன்று 16 சர்வோவை (குறித்த கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறு மோட்டார்) இயக்கும், பின் எண்கள் 100 முதல் 115 வரை. சர்வோவுக்குத் தனி 5 வோல்ட் அடாப்டர் வேண்டும். மெகாவின் 5 வோல்ட்டிலிருந்து எடுத்தால் இரண்டு சர்வோ சேர்ந்து அசையும்போது மெகா மறுதொடக்கம் ஆகும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. தவறாக நின்ற பாயின்ட்டில் இன்ஜின் ஏறினால் ஷார்ட், பிரேக்கர் விழும். பாயின்ட் டீகோடரும் அதே பிரேக்கரின் கீழ் இருந்தால் பாயின்ட்டைத் திருப்பும் கட்டளை போய்ச்சேராது, திருப்பாமல் ஷார்ட் விலகாது. எனவே பாயின்ட் டீகோடர்களுக்கு, பிரேக்கர்களுக்கு முன்பிருந்தே தனி ஜோடி ஒயர் இழுங்கள். ரோகோ கருவிகளில் பாயின்ட் எண் நான்கு தள்ளி வருவதும் உண்டு. 1 என்று அழுத்தினால் 5 அசைந்தால் டீகோடரைக் கழற்ற வேண்டாம், அமைப்பில் அதற்கான தேர்வைப் பாருங்கள்.

ஒரே ரயிலை இரண்டு இன்ஜின் இழுக்க?

முதலில் இரண்டின் வேகத்தையும் ஒப்பிடுங்கள். வட்டத்தில் அரை மீட்டர் இடைவெளியில் விட்டு, ஒரே வேகப் படியில் ஓட்டி, வேகமானதன் சிவி 5-ஐக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கிளம்பும் வேகத்துக்கு சிவி 2, நடுவேகத்துக்கு சிவி 6. சிவி 3-உம் 4-உம், அதாவது முடுக்கமும் வேகக் குறைப்பும், இரண்டிலும் ஒத்திருக்க வேண்டும். பிறகு செயலியிலேயே சேர்த்து ஓட்டலாம். இந்த வேலைக்குக் கணினியில் ஜேஎம்ஆர்ஐ-யின் டீகோடர்புரோ என்ற மென்பொருள் இருந்தால் சௌகரியம். இலவசம், ராஸ்பெரி பையிலும் ஓடும், ஒவ்வொரு இன்ஜினின் சிவி எல்லாவற்றையும் சேமித்து வைக்கும்.

ஷார்ட் ஆகி மின்சாரம் திரும்பியதும் ஒரு இன்ஜின் மட்டும் தலைதெறிக்க ஓடுகிறது. ஏன்?

மின்சாரம் திரும்பும் கணத்தில் டீகோடர் சரியான சிக்னலைக் காணாமல், டிசி பாதையில் இருப்பதாக நினைத்துவிடுகிறது. 15 வோல்ட் டிசி என்றால் முழு வேகம். சிவி 29-இல் 4-ஐக் கழியுங்கள்: 6 இருந்தால் 2, 38 இருந்தால் 34. டிசிசியில் மட்டுமே ஓடும் இன்ஜின்கள் எல்லாவற்றுக்கும் முதல் நாளே இதைச் செய்துவிடுவது நல்லது.

பஸ் ஒயர் 10 மீட்டருக்கு மேல் நீண்ட லேஅவுட்டில், ஷார்ட் இல்லாமலேயே இன்ஜின்கள் இப்படி நடந்துகொண்டால், ஒயரின் முனையில் சிக்னல் எதிரொலித்துக் கெடுகிறது. இரண்டு ஒயரையும் மீட்டருக்குச் சில முறுக்காக முறுக்குங்கள். முனையில் 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் தொடராகச் சேர்த்து சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே இணையுங்கள். ரெசிஸ்டர் 2 வாட்டாவது இருக்கட்டும், சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் சூடாகும்.

எல்லாம் சரியாக இருந்தும் இன்ஜின் திக்கித் திக்கிப் போகிறது.

தண்டவாளத்தைத் துணியால் துடையுங்கள். கறுப்பாக வந்தால் காரணம் அதுவே. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் இழுத்துத் துடைத்தால் போதும், மின்சாரத்தை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து. எமரி தாள் மட்டும் வேண்டாம்: அது விடும் கீறல்களில் அடுத்த கறுப்பு இன்னும் வேகமாகப் படியும். இன்ஜின் சக்கரத்தையும் துடையுங்கள். ஆல்கஹால் நனைத்த காகிதத் துண்டைப் பாதையின் மேல் போட்டு, இன்ஜினின் ஒரு போகியை அதன் மேலும் மற்றதைப் பாதையிலும் வைத்துப் பிடித்துக்கொண்டு சுழலவிட்டால் இரண்டு கறுப்புக் கோடு விழும். கோடு விழுவது நிற்கும் வரை காகிதத்தை நகர்த்திக்கொண்டே இருங்கள், பிறகு இன்ஜினைத் திருப்பி வைத்து அடுத்த போகி.